அண்ணன் பக்கத்துக் கதவு

முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருந்தேன். அண்ணி ஒரு கையில் பிளாஸ்க்கும் இன்னொரு கையில் போர்வை திணித்த பையுமாகப் பின்சீட்டில் ஏறிவிட்டார். அண்ணன் மெல்ல வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பிப் பாட்டைப் போட்டேன்.

அண்ணன் முழங்கையைக் கதவில் ஊன்றிக்கொண்டார். பிறகு கதவின் கீழ்ப்பக்கம் இருந்த ஸ்பீக்கரை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அதில் ஒன்றும் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"பாட்டு செத்துப்போச்சி. நான் வரல."

தெருவே திரும்பிப் பார்த்தது. காது கேட்காதவர்கள் பேசினால் அப்படித்தான். தாங்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

"பாட்டு கேக்கவா போறோம்? ஒடம்புக்குப் போறோம்" என்றார் அண்ணி, பின்சீட்டில் இருந்தபடியே. அது அண்ணனுக்கு எங்கே கேட்கப்போகிறது? நான் இறங்கிப்போய் அவர் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். "வியாழக்கிழமைக்குள்ள மாத்திடறேண்ணே. இன்னிக்கு ஒருநாள் வா."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாத்தலன்னா வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அவர் சும்மா மிரட்டவில்லை. சொன்னால் செய்கிற ஆள்.

வண்டிக்குள் ஒரு கச்சேரி

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், லாஸ்பேட்டை தாண்டி இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலையில் படுத்தால் மத்தியானம்தான் எழுந்திருக்க முடியும். போகாவிட்டால் கால் வீங்கும், மூச்சு முட்டும், அதற்கு மேலும் போகாவிட்டால் ஆள் இருக்கமாட்டார். இதை டாக்டர் எங்களிடம் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

ஆரம்பத்தில் அவரைக் கிளப்புவது பெரும்பாடு. "ரத்தத்த வெளிய எடுத்துக் கழுவி உள்ள ஊத்துறானுங்க, நான் இன்னா துணியா?" என்று சண்டை போடுவார். அண்ணி அழுவார். நான் கத்துவேன். என் கத்தல் அவருக்குக் கேட்காது என்பதே எனக்கு மேலும் கோபத்தைக் கிளப்பும்.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது என் காரில் இருந்த பாட்டுதான். வீட்டில் அவர் டிவியை வைக்கிற சத்தத்துக்கு அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். வருஷக்கணக்காக அவர் வீட்டில் பாட்டில்லை. காரில் யார் கேட்பது? கண்ணாடியை ஏற்றிவிட்டு முழுச் சத்தத்தில் வைத்தால், அவர் கதவில் முழங்கையை ஊன்றி, உள்ளங்கையைக் கீழே தொங்கவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே வருவார். "தபேலாவ கேளுடா" என்பார். எனக்கு மண்டை பிளக்கும். ஆனாலும் அவருக்கு இவ்வளவாவது காது பாக்கி இருக்கிறதே என்று நானும் அண்ணியும் சந்தோஷப்பட்டோம். அண்ணி பின்னால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

அது பழைய கார். ஸ்பீக்கர் வண்டியோடு பிறந்தது. அண்ணன் கேட்ட சத்தத்தை அது தாங்கவில்லை. முதலில் கரகரத்தது, பிறகு தகரத்தில் மணல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது, கடைசியில் அண்ணன் பக்கம் அடியோடு நின்றுபோனது. என் பக்கத்தில் இருந்தது மட்டும் உயிர் போகிறவன்போல இழுத்துக்கொண்டிருந்தது.

தறிக்கூடத்தில் நான்

அண்ணன் காதைத் தின்றது மில். தறிக்கூடத்தில் அவர் வேலை. அந்தக் காலத்தில் காதில் வைக்க ஒன்றும் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தாலும் இவர்கள் வைக்க மாட்டார்கள். இளந்தாரியாகப் போனவர் பாதிச் செவிடாக வெளியே வந்தார். மில்லை மூடிய பிறகு மீதியும் தானாகவே குறைந்துகொண்டு வந்தது.

நான் ஒரே ஒரு முறைதான் அந்தக் கூடத்துக்குள் போயிருக்கிறேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லப் போனேன்.

உள்ளே நுழைந்ததும் சத்தம் நெஞ்சில் வந்து அறைந்தது. தறிகள் வரிசை வரிசையாக அடித்துக்கொண்டிருந்தன. யாரும் வாய்விட்டுப் பேசவில்லை, உதட்டை மட்டும் அசைத்தார்கள். ஒருவர் வாயை ஒருவர் பார்த்தே சிரித்தார்கள், திட்டிக்கொண்டார்கள். நான் அண்ணன் காதருகே போய் "அப்பா போயிட்டாரு" என்று கத்தினேன். அவர் என் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். மறுபடி சொன்னேன். என் உதட்டில் அதைப் படித்தார்.

அவர் உடனே ஓடிவரவில்லை. தறியை நிறுத்தினார். அதன் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அதிர்வு முழுவதும் அடங்குகிறவரை நின்றார். அடங்கியது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் என்னோடு வந்தார். அப்பா செத்திருக்கிறார், இவர் மெஷினைத் தடவிக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு அன்றைக்கு ஆத்திரம். அது தறிக்காரர்களின் பழக்கம் என்று பிறகு சொன்னார்கள். சத்தத்துக்குள் சத்தம் தெரியாது, கைதான் பார்க்கும்.

நானே மெக்கானிக்

ஸ்பீக்கர் மாற்ற ஒரு கார் ஆடியோ கடைக்குப் போனேன். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்க்கலாம் என்றார்கள். அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து காலமெல்லாம் "நாளைக்கு வாங்க" என்று சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். அதை எனக்கே ஒருவன் சொன்னபோது கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நானே மாற்றிக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

முத்தியால்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற ரஹீம் பாய் அதே அளவில் ஒரு ஜோடி புது ஸ்பீக்கர் எடுத்துக் கொடுத்தார். கூடவே சுருட்டி வைத்த ஒரு கறுப்பு ஷீட்டையும் எடுத்து வைத்தார். ஒரு பக்கம் வெள்ளித் தகடு, மறுபக்கம் தார்போலப் பிசின்.

"சார், ஸ்பீக்கர் மட்டும் மாத்துனா பத்தாது. பழைய வண்டி, கதவுத் தகரம் அதிரும். அதிர்ந்துச்சின்னா பாட்டு சுத்தமா வராது. இத உள்ள ஒட்டிடுங்க. கதவு கல்லு மாரி நிக்கும், பாட்டு மட்டும் தனியா வரும்."

நியாயமான யோசனைதான். வேறு யாராவது கேட்டிருந்தால் அவருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்.

புதன்கிழமை காலையில் கருவடிக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். செல்போனில் வீடியோ பார்த்து வைத்திருந்தேன். அதில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே கதவின் உள்பலகையைத் தோசையைப் புரட்டுவதுபோலக் கழற்றுவான். என் கதவு அந்த வீடியோவைப் பார்த்திருக்கவில்லை.

கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பி வளையம் இருக்கிறது. துணியை உள்ளே விட்டு இழுத்தால் வந்துவிடும் என்றான். வந்தது. வந்த வேகத்தில் தெருவுக்குப் பறந்துபோனது. முழங்காலில் நின்று தேடினேன். உள்பலகையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பூட்டுகள் பாதி உடைந்துபோயின. கடல் காற்றில் ஸ்குரூ துருப்பிடித்துத் தலை தேய்ந்து நின்றது. அதற்கு எண்ணெய் விட்டுவிட்டு உட்கார்ந்து, அண்ணனை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டுவதற்கு வேறு யாரும் அகப்படவில்லை.

ஒருவழியாக வெளியே வந்த ஸ்பீக்கரைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. காகிதக் கூம்பு மழை ஈரத்தில் ஊறி, காய்ந்து, குறுக்கே கிழிந்திருந்தது. சுற்றியிருந்த விளிம்பு தொட்டால் பொடியாகியது. பின்பக்கக் காந்தம் துருவில் சிவந்திருந்தது. இவ்வளவு நாள் அண்ணனுக்காக இது பாடியதே பெரிது.

வீடியோவில் சொன்னபடி தகரத்தைத் துடைத்து, ஷீட்டை வெட்டி ஒட்டினேன். அவன் ஓர் அடுக்கு ஒட்டச் சொன்னான். செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று வெளித்தகரத்துக்கு உள்ளேயும், உள்தகரத்தின் மேலும், இடுக்கு விடாமல் ஒட்டினேன். எந்த ஒயர் எந்த முனைக்கு என்று ஒரு பென்சில் பேட்டரியைத் தொட்டுப் பார்த்துப் பொருத்தினேன். ரஹீம் பாயிடம் புதுப் பூட்டுகள் வாங்கிவந்து உள்பலகையை இறுக்கி அடித்தேன்.

பாட்டைப் போட்டேன். பாடகி மூச்சு இழுப்பது கேட்டது. இத்தனை வருஷமாக அந்தப் பாட்டில் ஒரு புல்லாங்குழல் இருந்ததே எனக்குத் தெரியாது. கதவைத் தொட்டால் அசைவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைபோலக் காத்திருந்தேன்.

"அப்ப எனக்குத்தான்"

வியாழக்கிழமை அண்ணன் சொன்னபடி வந்து ஏறினார். முழங்கையைக் கதவில் ஊன்றினார். நான் பாட்டைப் போட்டேன்.

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"போடுடா."

"ஓடுதுண்ணே" என்றேன், வாயை அகலமாகத் திறந்து.

"எங்க ஓடுது? சத்தமா வை."

சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். குமிழ் இதற்கு மேல் போகாது என்று நின்றது. அண்ணி பின்னால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டார். அண்ணியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு ஓடுகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்ப எனக்குத்தான்" என்றார். "மொத்தமா போயிடுச்சி."

என் வாழ்நாளில் அண்ணன் தணிந்த குரலில் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். ஏறிவிட்டோமே என்பதற்காக ஆஸ்பத்திரி வரை வந்தார். மூட்டையை இறக்குவதுபோல இறக்கினோம், மூட்டையை ஏற்றுவதுபோல ஏற்றிக்கொண்டு வந்தோம்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். காது கேட்காத மனிதர் கண்ணையும் மூடிக்கொண்டால் அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. நான் சுற்றிப் போய் முகத்துக்கு நேரே நின்று தோளை உலுக்கினேன். இமையை இன்னும் இறுக்கிக்கொண்டார். என் வாயைப் பார்த்தால் வந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த வியாழனும் வரவில்லை. கால் இரண்டும் ஊதிப் பளபளத்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு வாங்கியதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டார். "இன்னும் ஒரு தடவை விட்டா நீங்க அழைச்சிட்டு வரவேண்டிய அவசியமே இருக்காது" என்று ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணியிடம் போனில் சொன்னார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. அவர் மேல் வெறுப்பாகவும் இருந்தது. பாட்டு கேட்காததற்காகவா ஒரு மனிதன் சாவான் என்று அண்ணியிடம் எரிந்து விழுந்தேன். அண்ணி இட்லிக்கு ஊறவைத்திருந்த அரிசியைக் கிரைண்டரில் அள்ளிப்போட்டு ஓடவிட்டார்.

கிரைண்டர்

அண்ணன் அப்போதுதான் கட்டிலிலிருந்து எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனவர், ஓடுகிற கிரைண்டரைத் தாண்டும்போது அதன் மேல் கையை வைத்தார். வைத்தபடி நின்றார்.

"பெல்ட்டு நழுவுது. பாத்து ஓட்டு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

என் காதுக்கு அந்தக் கிரைண்டர் எப்போதும்போலத்தான் ஓடியது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கதவில் ஊன்றிய முழங்கை நினைவுக்கு வந்தது. தொங்கிய உள்ளங்கை எங்கே பட்டுக்கொண்டிருந்தது என்பது நினைவுக்கு வந்தது. அவர் காது போய் எத்தனை வருஷமோ. அவர் அந்தப் பாட்டுகளைக் கையால்தான் கேட்டிருக்கிறார். அது காது இல்லை என்று அவருக்கே தெரியாது. நான் கதவுக்குள் பிசினைப் பூசி அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

அன்று மத்தியான வெயிலில் அண்ணன் பக்கத்துக் கதவைத் திரும்பப் பிரித்தேன். ஒட்டும்போது காகிதம்போல ஒட்டிய ஷீட் கழற்றும்போது தோலாக இழுத்தது. உளி வழுக்கியதால் வீட்டுத் தோசைத் திருப்பியால் சுரண்டினேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தவள், என் முகத்தைப் பார்த்து, உள்ளே போய் மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. இருட்டுவதற்குள் தகரம் வெறுந்தகரமானது. உள்பலகையை மாட்டும்போது பூட்டுகளைப் பாதிக்குப் பாதி வேண்டுமென்றே போடாமல் விட்டேன். பாட்டைப் போட்டால் கதவு முழுக்கத் தடதடவென்று ஆடியது. ரஹீம் பாய் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பாட்டை ஓடவிட்டுவிட்டு உள்ளே போனேன். பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

"கார் கதவு லாக் விழமாட்டேங்குதுண்ணே. நீதான் பாக்கணும்."

மெஷின் என்றால் அவர் எழுந்துவிடுவார். அண்ணியும் நானும் தாங்கிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார வைத்தோம். கதவைச் சாத்தினேன். "கொஞ்சம் அழுத்திப் புடி" என்று ஜன்னல் வழியாக வாயசைத்தேன். உள்ளங்கையைப் பலகையில் வைத்து அழுத்தினார்.

அழுத்திய கை அப்படியே நின்றது. முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாய் கோணிக்கொண்டு வந்தது.

"டேய்" என்றார். "தபேலா."

அண்ணியைப் பார்த்து, தெருவெல்லாம் கேட்கும்படி, "காது வந்துடுச்சிடி!" என்று கத்தினார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஓட்டுநர் சீட்டுக்கு ஓடினேன். அன்றைக்கு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அது காது இல்லை, கை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. காதென்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழைக்குப் பிறகு

மழைக்காலம் வந்து போயிற்று. அந்த மாதங்களில் ஒரு நாளும் அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நான் போவதற்கு முன்பே சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். உடம்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் காலை அண்ணி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் அழைத்தார்.

"தம்பி, நேத்து டீ டம்ளர குடுத்தேன். கைமேல கொட்டிக்கிச்சி. ஆவி பறக்குது, அவரு பாட்டுக்கு ஒக்காந்திருக்காரு. நான்தான் தொடச்சி உட்டேன். சுட்டது தெரியலப்பா."

அண்ணனைப் போய்ப் பார்த்தேன். இடது கையின் மேல்தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. இந்த நோயில் நரம்பும் போகும், முதலில் கால், பிறகு கை என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அண்ணன் அந்தக் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, "வா, நேரமாச்சி" என்று எழுந்தார்.

காரில் ஏறினார். கையைக் கதவில் வைத்தார். நான் பாட்டைப் போட்டேன். கதவு தடதடத்தது. அவர் விரல்கள் பலகையில் தாளம் போட ஆரம்பித்தன. தலை ஆடியது. எனக்குப் போன உயிர் வந்தது. டீ கொட்டியதில் மேல்தோல்தான் போயிருக்கிறது, உள்ளங்கைக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

லாஸ்பேட்டை திருப்பத்தில் ரோடு தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிளேயரில் செருகியிருந்த பென் டிரைவ் ஆடிக் கழன்று, பாட்டு பாதியில் நின்றது.

வண்டிக்குள் சத்தமே இல்லை. பின்சீட்டில் அண்ணி நிமிர்ந்து உட்காருவது தெரிந்தது.

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் விரல்கள் கதவில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. தலை ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, நன்றாக இருக்கிறது என்பதுபோல ஒரு சிரிப்பு சிரித்தார்.

எத்தனை நாளாக எங்களுக்காக இப்படித் தாளம் போட்டுக்கொண்டு வருகிறார் என்று தெரியவில்லை. ஓட்டாமல் எங்கே போவது? ஓட்டினேன். அண்ணி பின்னாலிருந்து என் தோளில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியைத் திருப்பியபோது அண்ணன் தாளத்தை நிறுத்தினார்.

"சத்தத்த நிறுத்துடா" என்றார். "நோயாளிங்க படுத்திருப்பாங்க."

நான் கையை நீட்டிப் பிளேயரை அணைத்தேன்.